ஜி.எஸ்.எம். கட்டரும் என் முதல் இன்டர்வியூவும்

1. ஆடு வளர்க்கப் போன முதலாளி

ஒரு திங்கட்கிழமை காலை டீ நேரத்தில் எங்கள் முதலாளி செக்கிங் டேபிளுக்கு வந்து நின்றார். திருப்பூர் பனியன் யூனிட்டை மூடிவிட்டு ஊர்ப்பக்கம் போய் ஆடு வளர்க்கப் போவதாகச் சொன்னார்.

"பனியன் மாதிரி இல்லீங்க தங்கமணி. ஆட்டை எவனும் ரிஜெக்ட் பண்ணித் திருப்பி அனுப்ப மாட்டான்."

எட்டு வருடம் அவரிடம் செக்கராக இருந்தேன். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது என் வேலை. அவர் சொன்னதைக் கேட்டு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆட்டின் மேல் வைத்த நம்பிக்கையில் கொஞ்சம் எங்கள் மேலும் வைத்திருக்கலாம்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் கணவர் சண்முகம் ஓவர்லாக் டெய்லர். பேச்சும் மிஷின் மாதிரி ஒரே சீராக வரும்.

"ஒரு ஆளு சம்பளத்துல இந்த ஊர்ல தாக்குப் பிடிக்க முடியாது புள்ள. ஒரு மாசம் பாப்போம். ஒண்ணும் அமையலைன்னா உடுமலைக்கே போயிறலாம். அக்காவோட கயிறு மில்லுல நம்ம ரெண்டு பேத்துக்கும் வேலை இருக்குதாமா."

அவருடைய அக்கா என்றால் என் நங்கையா. நல்ல மனுஷிதான். ஆனால் நான் வெங்காயம் நறுக்கினால் பக்கத்தில் வந்து நின்று, "இன்னும் கொஞ்சம் பொடுசா, கண்ணு" என்பார். பொடியாக நறுக்கினால், "இத்தனை பொடுசாவா" என்பார். வீட்டிலும் அவர், மில்லிலும் அவர் என்று நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. ஒரு மாதத்துக்குள் திருப்பூரிலேயே வேலை வாங்கியாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

2. ஜெபாவின் கோச்சிங் கிளாஸ்

எங்கள் லைன் வீட்டில் மாடியில் இருந்தவள் ஜெபா. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். தெரிந்த கம்பெனியில் கியூ.சி. வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவள்தான் சொன்னாள். செக்கர் ஒரே மேஜையில் நிற்பவர். கியூ.சி. என்றால் கழுத்தில் டேப்பும் ஐ.டி. கார்டும் தொங்க, லைன் லைனாக நடந்து குறை கண்டுபிடிப்பவர். அதற்கு எழுத்துப் பரீட்சை, கையால் செய்து காட்டும் டெஸ்ட், கடைசியில் இன்டர்வியூ என்று மூன்று கட்டம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் பரீட்சை என்று எதையும் எழுதியதில்லை.

"எக்கா, பயப்படாதிய. நான் சொல்லித் தாரேன். மொதல்ல, உங்களப் பத்திச் சொல்லுங்கன்னு கேப்பாவ. நீங்க என்ன சொல்லுவிய?"

"என்ற பேரு தங்கமணி. பொறந்த ஊரு கொமரலிங்கம். கல்யாணம் ஆயி பன்னெண்டு வருசம்..."

"கல்யாணத்த எல்லாம் சொல்லாதிய. அவ்வொ ஒண்ணும் பொண்ணு பாக்க வரல."

அடுத்தது 'உங்கள் வீக்னஸ் என்ன' என்ற கேள்வி. 'வேலை பெர்ஃபெக்டாக முடியும்வரை எனக்கு நிம்மதி இருக்காது' என்று பதில் சொல்ல வேண்டுமாம்.

"அது எப்படி ஜெபா குறையாகும்?"

"அதாங்க்கா சூட்சுமம். கேக்கும்போது குறை மாதிரி இருக்கணும், ஆனா குறையா இருக்கக் கூடாது."

எட்டு வருடம் நல்ல பீஸ் என்று வந்த மூட்டையில் கெட்ட பீஸைத் தேடியவள் நான். இப்போது நல்ல பீஸைக் கெட்ட பீஸ் என்று காட்டச் சொல்கிறாள். சரி, வேலை வேண்டுமே என்று மூன்று நாள் மனப்பாடம் செய்தேன். சண்முகம் சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்றபோது, எனக்கு நிம்மதி இருக்காது என்று அவரிடமே ஒப்பித்தேன்.

எழுத்துப் பரீட்சைக்குக் கணக்கும் உண்டு. பன்னிரண்டு ஆட்கள் ஒரு வேலையை எட்டு நாளில் முடித்தால், ஆறு ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று ஜெபா கேட்டாள்.

"தீபாவளிக்கு முந்தியா, பிந்தியா?" என்றேன்.

"எதுக்குக்கா தீபாவளி?"

"ஊருக்குப் போன ஆளு எப்பத் திரும்பி வருவான்னு யாருக்குத் தெரியும்? நீயே போன தடவை பதினஞ்சு நாள் கழிச்சுத்தானே வந்தே."

ஜெபா பேனாவைக் கீழே வைத்தாள். "எக்கா, கணக்குல வார ஆளுக்கு ஊரே கிடையாது. சாமான் மாதிரி அங்கனயே கெடப்பான்."

3. வட்டம் வட்டமாக

கணக்கும் பேச்சும் ஓரளவு வந்துவிட்டன. பயமுறுத்தியது ஜி.எஸ்.எம். துணியின் கனத்தைச் சொல்லும் எண் அது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வட்ட கட்டர் உண்டு. துணிக்கு அடியில் ரப்பர் அட்டையை வைத்து, மேலே கட்டரை வைத்து அழுத்தித் திருகினால், பூரி அளவுக்கு ஒரு வட்டத் துண்டு வரும். அதைக் கிராமில் எடை போட்டு நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். எங்கள் சின்ன யூனிட்டில் முதலாளி துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தே கனம் சொல்லிவிடுவார். பாதி நாள் தப்பாகத்தான் சொல்வார். கட்டரை நான் தொட்டதே இல்லை.

ஜெபா ஒரு பழைய கட்டரையும் குட்டித் தராசையும் யாரிடமோ இரவல் வாங்கி வந்தாள். பழகத் துணி வேண்டுமே. பழைய தலையணை உறையில் ஆரம்பித்தேன். பிறகு ஜன்னல் திரை, என் சுடிதார். நான்காம் நாள் சண்முகம் லுங்கியை உதறிக் கட்டப் போனவர் அப்படியே நின்றார்.

"ஏம்புள்ள, என்ற லுங்கியில இது என்ன?"

"நூத்திப் பத்து ஜி.எஸ்.எம்.ங்க."

"நான் ஓட்டையைக் கேட்டேன்."

உண்மையைச் சொல்கிறேன், அதற்குள் எனக்கு ருசி கண்டுவிட்டது. கட்டரைத் திருகும்போது 'கறுக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால்தான் அன்றைய பொழுது நிறைந்த மாதிரி இருக்கும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் முதுகைப் பார்த்தால், எங்கே வெட்டினால் தையலில் படாது என்று கண் தானாகத் தேடும்.

4. தப்பே இல்லாத பீஸ்

பரீட்சை நாளும் வந்தது. எழுத்துத் தேர்வில் அதே மாதிரி ஆட்கள் கணக்கு. பதினாறு நாள் என்று எழுதிவிட்டு, மனசு கேட்காமல் பக்கத்தில் சின்னதாக 'லீவு போடாமல் வந்தால்' என்றும் எழுதினேன். பாஸ் போட்டுவிட்டார்கள்.

அடுத்து செய்து காட்டும் டெஸ்ட். ஒரு அறையில் மேஜை. அதில் மூன்று டி-ஷர்ட், ஒரு துணித் துண்டு, கட்டர், தராசு, குறையைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர், ரிப்போர்ட் தாள். டை கட்டிய எச்.ஆர். தம்பி, "இதுல இருக்கற குறையெல்லாம் எழுதுங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுத்து வரப் போனார். மூன்று டி-ஷர்ட்டின் குறைகளையும் மளமளவென்று கண்டுபிடித்தேன். துணித் துண்டையும் வெட்டி எடை போட்டு எழுதினேன்.

அப்போது கம்பெனியின் ஜெனரல் மேனேஜர், ஜி.எம்., உள்ளே வந்தார். கையில் ஒரு கருநீலக் காலர் டி-ஷர்ட். அவருக்கு போன் வந்தது. டி-ஷர்ட்டை என் மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார்.

நாலாவது கேள்வி என்று எடுத்துக்கொண்டேன். அளந்தேன், எல்லா அளவும் சரி. தையல் சரி. கறை இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சுத்தமான பீஸைப் பார்த்ததில்லை. இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றால் ஜி.எஸ்.எம்.மில்தான் ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. வயிற்றுப் பக்கம் நடு மையமாக கட்டரை வைத்தேன். கறுக்.

ஜி.எம். திரும்பினார். போனை மெதுவாகக் காதிலிருந்து எடுத்தார்.

"அம்மணி, அது கேள்வி இல்லீங்க. சீல்டு சாம்பிளு."

சரக்கு வாங்கும் பையர் பார்த்து, ஒப்புதல் கொடுத்து, டேக் கட்டிக் கொடுக்கும் பீஸ்தான் சீல்டு சாம்பிள். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் மொத்த ஆர்டரையும் பாஸ் செய்வார்கள். டேக் உள்பக்கம் மடிந்து கிடந்ததை நான் பார்க்கவில்லை. அன்று மதியம் மூன்று மணிக்குப் பையர் சார்பில் பையிங் ஆபீஸ் மேடம் சரக்கைப் பார்க்க வருகிறார்கள் என்று ஜி.எம். சொல்லிவிட்டு, மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பி போனைக் காதில் வைத்தபோது, என் காதில் கயிறு மில் ஓடும் சத்தம் கேட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிசிறு வெட்டும்போது கத்தரி பட்டுப் பனியன் ஓட்டையானால், அதை உள்பக்கமாக மடித்து பண்டலின் நடுவில் செருகிவிடுவது எங்கள் தொழிலில் ரொம்ப நாள் பழக்கம். அப்படிச் செருகியவர்களை எட்டு வருடம் நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அன்று என் கை தானாக அந்த டி-ஷர்ட்டை உள்பக்கமாக மடித்தது. பாதி மடித்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. வெட்கமாகிவிட்டது.

மறுபடி விரித்தேன். ஓட்டைக்குப் பக்கத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டினேன். ரிப்போர்ட்டில் எழுதினேன்: குறை - கட் ஹோல், ஒன்று. வகை - கிரிட்டிக்கல். காரணம் - இன்டர்வியூவுக்கு வந்தவர். கீழே கையெழுத்துப் போட்டு ஜி.எம்.மிடம் நீட்டினேன்.

அவர் படித்தார். எச்.ஆர். தம்பி தண்ணீரோடு வந்தார், ஓட்டையைப் பார்த்தார், தண்ணீரைத் தானே குடித்துவிட்டார்.

"உங்க வீக்னஸ் என்னங்க?" என்றார் ஜி.எம்.

மூன்று நாள் மனப்பாடம் செய்த பதில் ஒரு சொல்கூட வரவில்லை.

"கையில கட்டர் இருந்தா வெட்டாம இருக்க முடியலீங்க சார்."

ஜி.எம். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் சிரித்திருக்கிறார் என்று தெரிந்தது.

"இத்தனை வருசமா இந்த லைன்ல இருக்கறனுங்க. வெட்டுனவங்களே ஸ்டிக்கர் ஒட்டி நான் பாத்ததில்ல. மூணு மணி வரைக்கும் இருங்க. மேடத்துகிட்ட நீங்களே சொல்லுங்க. அவங்க ஒத்துக்கிட்டா நாளைக்கே வேலைக்கு வாங்க. ஒத்துக்கலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

5. மூன்று மணி

மேடம் வந்தார். ஒரு கையில் டி-ஷர்ட்டும் மறு கையில் வட்டத் துண்டுமாகப் போய் நின்றேன்.

"வெட்டுனது நாந்தானுங்க மேடம்."

"எவ்வளவு நாளா இங்க வேலை பாக்கறீங்க?"

"இன்னும் சேரலீங்க."

மேடம் ஜி.எம்.மைப் பார்த்தார். "சேர்றதுக்கு முன்னாடியேவா?" என்றார். ஜி.எம். தரையைப் பார்த்தார்.

பிறகு மேடம் வட்டத் துண்டை வாங்கிச் சரக்குத் துணியின் மேல் வைத்து, வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஷேடு பாக்க இது வசதியாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அளவெல்லாம் கெடாமல் இருந்ததால் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்தார். அவர்கள் ஆபீசில் இன்னொரு பீஸ் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன் என்றார். போகும்போது என்னிடம், "மறைச்சிருந்தா மொத்த லாட்டையும் நிறுத்தியிருப்பேன். இனிமே கேட்டுட்டு வெட்டுங்க" என்றார்.

கேட்டுக்கு வெளியே சண்முகம் வண்டியோடு நின்றார்.

"கிடைச்சுதா புள்ள?"

"கிடைச்சுருச்சுங்க. ஒரு சாம்பிளை வெட்டிப்போட்டேன்."

"அங்கயுமா?"

இப்போது அதே கம்பெனியில் ஆள் எடுக்கும் மேஜையில் நான் உட்கார்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் பெர்ஃபெக்ட், நிம்மதி என்று அதே வீக்னஸைத்தான் ஒப்பிக்கிறார்கள். ஒப்பியுங்கள், குற்றமில்லை, நானும் ஒப்பித்தவள்தான். கணக்கும் பழகிக்கொண்டு வாருங்கள். ஆனால் மேஜையில் இருப்பதெல்லாம் உங்களுக்கு வைத்த கேள்வி என்று நினைக்காதீர்கள், தொடுவதற்கு முன் யாருடையது என்று கேளுங்கள். கேட்காமல் வெட்டியே விட்டீர்கள் என்றால், ஓட்டையை மட்டும் உள்ளே மடிக்காதீர்கள். நான் பாதி மடித்தேன். அந்தப் பாதியை ஜி.எம். பார்த்தாரா இல்லையா என்று அவரிடம் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.