புறங்கையின் சொல்

கோடை தலைகாட்டியதும் அவள் சலவைக்கடையில் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கடைக்கார அம்மாவின் முகம் தொங்கிப்போகும்.

"வருஷா வருஷம் இதே கூத்து. இங்க அடிக்கிற வெக்கை போதாதுன்னு அங்க போய் நெருப்புல நிக்கணுமா?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, ஒயரைச் சுருட்டி, மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். மழை பிடித்துக்கொண்டதும் திரும்பி வந்து அதே ஆணியிலிருந்து அதை எடுத்து உதறிப் போட்டுக்கொள்வாள். இடைப்பட்ட மாதங்களில் அவள் காட்டுத்தீ அணைப்பவள்.

ஊரை ஒட்டிய மலை எரிந்த வருஷம் தொடங்கியது இது. மொட்டைமாடிக் கொடியில் கிடந்த வெள்ளைத் துணிகளிலெல்லாம் கரும்புள்ளி விழுந்திருந்தது. துணி எடுக்க ஏறியவள் எடுக்கவில்லை. மலையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். கீழேயிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப்போய் மேலே வந்த கணவனும் திட்ட வாயெடுத்து, திட்டாமல் பக்கத்தில் நின்றான். அடுத்த கோடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்தபோது, "நான் போறேன்" என்றாள்.

"முதுகுல மூட்டையைக் கட்டி ஓட விடுவாங்களாம். நீ ஓடுவியா?"

"இத்தனை வருஷம் பஸ் பின்னாடி ஓடினேனே, அது எந்தக் கணக்குல சேத்தி?"

அவன் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவன். அதற்கு மேல் வாதாடும் பழக்கம் இல்லாதவன். மகள்தான், "ஹெல்மெட் போட்டு ஒரு போட்டோ அனுப்பும்மா, கிளாஸ்ல காட்டணும்" என்றாள்.

முகாமில் கணவனின் தொழில் தெரிந்த அன்றே அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. "வீட்டுக்காரர் குளிர வைக்கிறாரு, நீங்க அணைக்க வந்திருக்கீங்க. நல்லா அமைஞ்ச குடும்பம்" என்றான் ரம்பக்காரன். அதிலிருந்து அவள் ஐஸக்கா. ரம்பக்காரனுக்கும் அவன் பெயர் இரண்டு வழியிலும் பொருந்தும். குழுவின் மோட்டார் ரம்பம் அவன் பொறுப்பு. அது ஓயும் நேரத்தில் அவன் வாய் ஓடும்.

அவள் பக்கத்தில் நின்று பார்த்த முதல் பெருந்தீயை இன்றுவரை யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. சரிவில் கோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கோடு என்றால் புல், சருகு, வேர் எதுவும் இல்லாமல் வெறும் மண் தெரியச் செதுக்கிய பாதை. வருகிற தீ தின்ன ஒன்றுமில்லாமல் அங்கே நின்றுபோக வேண்டும். எதிர்ச் சரிவில் தீ ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று அவள் முதுகில் காற்று பட்டது. காலடியில் கிடந்த சருகுகள் எழுந்தன. எழுந்து தீயை நோக்கிப் போயின. ஒன்றிரண்டல்ல, சரிவு முழுக்க. தீ மூச்சை உள்ளே இழுக்கிறது என்று புரிய அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. புரிந்த பிறகு கை ஓடவில்லை. தீக்கு எட்டாத தூரத்தில் தனியாக நின்ற ஒரு மரம் புகைந்தது. எதுவும் அதைத் தொடவில்லை. பிறகு அடியிலிருந்து நுனிவரை ஒரே தடவையில் பற்றிக்கொண்டது.

"வாயில ஈ போகப் போகுது!" குழுத்தலைவர் கத்தினார். "பாத்தது போதும், வெட்டும்மா!"

வெட்டினாள். வெட்டிக்கொண்டே பார்த்தாள்.

மறுநாள் போனில் கணவன், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

அவள் யோசித்தாள். "பெருசா இருந்துச்சு" என்றாள். சொன்ன பிறகு அந்தச் சொல் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தீயோடு நேருக்கு நேர் நிற்கும் நேரம் கொஞ்சம்தான். அணைந்த பிறகுதான் வேலை நாள்கணக்கில் நீளும். எரிந்த நிலத்தில் எல்லோரும் வரிசையாக மண்டியிட்டு நகர்வார்கள். கையுறையைக் கழற்றிவிட்டு, சாம்பலுக்குச் சற்று மேலே புறங்கையைக் கொண்டுபோவார்கள். சூடு தெரியாவிட்டால் மெல்ல அதன்மேல் வைப்பார்கள். உள்ளங்கை உதவாது. கருவி பிடித்துக் காய்த்துப்போன தோல் அது, எதையும் பொறுத்துக்கொள்ளும். புறங்கைத் தோல் பொறுக்காது. இஸ்திரிப் பெட்டியின் சூட்டை இத்தனை வருஷம் புறங்கையால் பார்த்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்தக் கையைத்தான் மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் வைப்பாள்.

ஆளுக்கு ஒரு துண்டு நிலம். தன் துண்டு முழுக்கத் தொட்டு முடித்தவர் எழுந்து நின்று, "ஆறிடுச்சு" என்று சொல்ல வேண்டும். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். "நிச்சயமா?" என்று கேட்பது அவரைக் கைநீட்டி அடிப்பதற்குச் சமம். தலைவர்கூடக் கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. அன்று ரம்பம் பிடித்தவரை யாரும் சாம்பல் தொட விட மாட்டார்கள். ரம்பத்தின் அதிர்வில் கை மரத்துப்போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரம்பக்காரன்தானே ரம்பம் பிடிப்பான், அவன்தானே தொட மாட்டான் என்றிருந்ததால் இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல நேர்ந்ததில்லை.

அந்தக் கோடையின் கடைசி வேலை, ஒரு குடியிருப்புக்கு நேர் மேலே இருந்த சரிவு. தீ கோட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. கோட்டுக்குக் கீழே காய்ந்த புல். புல் முடியும் இடத்தில் ஒரு வேலி. வேலிக்கு அப்பால் வீடுகளின் பின்வாசல்கள், நீல கேட் போட்ட ஒரு பள்ளிக்கூடம், மாடிகளில் துணிக்கொடிகள். பிற்பகல் காற்று எழும் என்று வாக்கிடாக்கியில் காலையிலேயே சொல்லிவிட்டார்கள். அதற்குள் எல்லாம் ஆறியிருக்க வேண்டும். ஆறினால் வீட்டுக்குப் போகலாம்.

முந்தின நாள் ரம்பக்காரன் மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டான். வண்டி போகும் பாதையில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. "கொடு இப்படி" என்று ரம்பத்தை வாங்கிக்கொண்டாள் ஐஸக்கா. காலை முழுவதும் அறுத்தாள்.

"பரவாயில்லையே! எனக்கு வேலை போயிடும் போலிருக்கே" என்று அவன் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து விடாமல் பேசினான்.

"வேலை போனா என்ன, வாய் இருக்கு. பொழச்சுப்ப."

மரம் விலகியது. அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேராகத் தன் துண்டுக்குப் போனாள். மண்டியிட்டாள். கையுறையைக் கழற்றினாள். சாம்பல், கரி, கல், ஒரு வெந்த அடிமரம். ஓரிடம் விடாமல் புறங்கையை வைத்தாள். எங்கும் எதுவும் சுடவில்லை. எழுந்து நின்றாள்.

"ஆறிடுச்சு!"

மற்ற துண்டுகளிலிருந்தும் குரல்கள் வந்தன. தலைவர் வாக்கிடாக்கியில் மேலதிகாரிகளுக்குச் சொன்னார். கீழே வண்டியில் மூட்டை ஏற்றத் தொடங்கினார்கள். டிரைவர் என்ஜினைக் கிளப்பி விட்டுவிட்டு, வீட்டில் என்ன சமையலாக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டிருந்தார்.

ரம்பக்காரன் டீ ஊற்றிக் கொண்டுவந்தான். தகரக் குவளையின் விளிம்பை மட்டும் துணியால் பிடித்திருந்தான். அவள் வாங்கிக்கொண்டாள்.

"ஐயோ, என்னக்கா இது! கொதிக்குது, அப்படியே பிடிக்கிறீங்க?"

அவள் குவளையைப் பார்த்தாள். ஆவி பறந்தது. விரல்கள் அதைச் சுற்றி வளைத்திருந்தன. குவளையை இடது கைக்கு மாற்றினாள், அதற்கும் ஒன்றும் தெரியவில்லை. வலது புறங்கையைத் தகரத்தில் அழுத்தி வைத்தாள். தோல் சிவந்தது. அவ்வளவுதான். அது வேறு யாருடைய கையோ போலச் சிவந்தது.

டீயைக் கீழே வைத்தாள். சரிவை அண்ணாந்து பார்த்தாள். அங்கே புகை இல்லை. புகை இல்லாததை மட்டும் வைத்து ஆறியது என்று சொல்ல முடியாது.

"அண்ணே" என்று தலைவரிடம் போனாள். "நான் சொன்னது செல்லாது."

"எது?"

"ஆறிடுச்சுன்னு சொன்னது. காலையில ரம்பம் பிடிச்சேன். கை செத்துக் கிடக்கு."

தலைவர் அவள் கையைப் பார்த்தார். வாக்கிடாக்கியைப் பார்த்தார். சொன்ன சொல்லை யாரும் திரும்ப வாங்கி அவர் பார்த்ததில்லை. மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"தப்பு எம்மேலதாண்ணே" என்றான் ரம்பக்காரன். "ரம்பத்தைத் தூக்கிக் கொடுத்தவனே நான்தான். எனக்கு உறைச்சிருக்கணும்..."

"நீ கொஞ்சம் வாயை மூடு." தலைவர் வண்டிக்குள் கைவிட்டுச் சாவியைத் திருகினார். என்ஜின் நின்றது. "எனக்கும்தான் உறைக்கல. எல்லாரும் சரிவுல ஏறுங்க. தண்ணிப் பையை எடுங்க."

அவள்தான் முன்னால் ஏறினாள். துண்டை அடைந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தாள். மண்டியிட்டு, குனிந்து, வலது கன்னத்தைச் சாம்பலுக்கு ஒரு விரல் உயரத்தில் வைத்தாள். அப்படியே நகர்ந்தாள்.

"முத்தமாக்கா?" என்றான் ரம்பக்காரன். அவனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"தள்ளிப் போ. உன் மூச்சே சுடுது."

வெந்த அடிமரத்தில் கன்னத்தைக் கொண்டுபோனாள். குளிர்ந்திருந்தது. சுற்றிலும் குளிர்ந்திருந்தது. கன்னத்தில் சாம்பல் ஒட்டிக்கொண்டதே தவிர ஒன்றுமில்லை. ஒருவேளை தான் சொன்னது சரிதானோ என்று ஒரு கணம் மனசு லேசானது. இருந்தாலும் நகர்ந்தாள். அடிமரத்திலிருந்து கீழ்நோக்கி, கோட்டின் பக்கமாக. அங்கே கன்னத்தில் ஏதோ மெல்லப் பட்டது. வெயிலின் சூடு மேலிருந்து வரும். இது கீழிருந்து வந்தது.

பிடித்துக்கொண்டே போனாள். அந்தச் சூடு நேராகப் போகவில்லை, வளைந்து வளைந்து போனது. கோட்டுக்கு வந்தது. வெட்டிய மண்ணின் நடுவிலும் இருந்தது. கோட்டைத் தாண்டிக் காய்ந்த புல்லுக்குள் கன்னத்தை நுழைத்தாள். அங்கேயும் இருந்தது.

"அண்ணே, இங்க வெட்டுங்க. மெதுவா."

தலைவர் மண்வெட்டியின் நுனியால் புல்லோடு சேர்த்து மண்ணைப் பெயர்த்தார். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. மண் உள்ளே சரிந்தது. ஒரு துளை திறந்தது.

எல்லோரும் குனிந்தார்கள்.

உள்ளே ஒரு வேர் இருந்த இடம் இருந்தது. வேர் இல்லை. அதன் தடிமன், வளைவு, கிளை பிரிந்த கணு எல்லாம் அப்படியே மண்ணில் அச்சாக இருந்தன. அந்த அச்சு முழுக்கத் தீ நிரம்பியிருந்தது. சுடர் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. காற்று உள்ளே போனதும் அது ஒரு தடவை பிரகாசமானது, தங்கியது, பிறகு தணிந்தது. மறுபடியும் பிரகாசமானது. அவர்கள் எழுந்து நின்று ஆறிவிட்டது என்று அறிவித்த நேரமெல்லாம் அது கீழே தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறது. அவர்கள் செதுக்கிய கோட்டுக்கு அடியில், அவர்கள் நின்ற காலுக்கு அடியில். இன்னும் ஒரு சாண் போயிருந்தால் வெளியே வந்திருக்கும்.

ரம்பக்காரன் எதுவும் பேசவில்லை. அவன் பேசாததை எல்லோரும் கவனித்தார்கள்.

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அது பின்னால்தான் வந்தது. அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது வேறு. முதல் வருஷம் சருகுகள் எழுந்து நடந்தபோது வந்த அதே வாயடைப்பு. அன்று தீ வானம் உயரம் இருந்தது. இது கை உள்ளே போகும் அளவு துளைக்குள் இருந்தது. அவளால் இரண்டில் எது பெரிது என்று சொல்ல முடியவில்லை.

"இப்பவும் பாத்துக்கிட்டே நிக்கிறியே" என்றார் தலைவர். இந்த முறை அவர் கத்தவில்லை. அவரும் மண்டியிட்டுத்தான் இருந்தார்.

புல்லுக்குள் திறந்த துளையிலிருந்து அடிமரம்வரை வேர் போன வழியெல்லாம் தோண்டித் திறந்தார்கள். தண்ணீரை ஊற்றிச் சேறாகக் கலக்கினார்கள். கலக்கி மறுபடியும் ஊற்றினார்கள். ஆவி சீறிக்கொண்டு எழுந்தது. அவள் இரண்டு கைகளாலும் சேற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது விரல் நுனிகளில் ஊசி குத்தத் தொடங்கியது. பிறகு உள்ளங்கையில். கடைசியாகப் புறங்கையில். தகரக் குவளை சுட்ட இடம் இப்போதுதான் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னக்கா?"

"வலிக்குதுடா" என்றாள். "நல்லா வலிக்குது."

கைகளைக் கழுவித் துடைத்து, தன் துண்டை மேலிருந்து மறுபடியும் தொட ஆரம்பித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கோட்டின் ஓரமாக வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். வேண்டுமானால் அவர்களே தொட்டுப் பார்த்திருக்கலாம். யாரும் தொடவில்லை, அது அவள் துண்டு. டிரைவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார், தலைவர் அவரைப் பார்த்ததும் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவள் திறந்த பள்ளத்தின் கடைசிக்கு வந்தபோது காற்று எழுந்தது. சொன்னபடியே மேலிருந்து கீழ்நோக்கி. சாம்பல் கிளம்பி எல்லோர் கண்ணிலும் விழுந்தது. புல் மொத்தமும் குடியிருப்பை நோக்கிப் படுத்தது. அவள் ஈர மண்ணில் புறங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. கை அங்கேயே இருந்தது.

கீழே ஒரு வீட்டு மாடியில் ஒரு பெண் வந்து, பறக்கிற துணிகளை அவசர அவசரமாகக் கொடியிலிருந்து எடுத்தாள். ஒரு வெள்ளைச் சட்டையை விரித்துப் பார்த்தாள், மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஒருமுறைகூட மலையை அண்ணாந்து பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

ஐஸக்கா கண்ணைத் திறந்தாள். கையை எடுத்தாள். எழுந்து நின்றாள்.

"ஆறிடுச்சு" என்றாள்.

யாரும் திருப்பிக் கேட்கவில்லை. எழுந்து, பின்புறத்தில் ஒட்டிய சாம்பலைத் தட்டிக்கொண்டு, வண்டியை நோக்கி இறங்கினார்கள்.