மன்னி கொண்டுவந்த தந்தி

1971 டிசம்பர். திருவனந்தபுரம் வலியசாலையில் அண்ணன் வீட்டில் நான், அண்ணன் மனைவியான மன்னி, அவர்களுடைய மூன்று வயதுப் பெண் ஆகிய மூன்று பேர் மட்டும் இருந்தோம். அண்ணன் ராணுவத்தில் வண்டி பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தார். எல்லையில் சண்டை தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் கிழக்கே இருக்கிறாரா மேற்கே இருக்கிறாரா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. கடைசிக் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மன்னி சமைத்தாலும் துணி மடித்தாலும் ஒரு காது ரேடியோவிலேயே இருக்கும். எனக்கோ செய்தி தொடங்கினால் உட்கார முடியாது. வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன், செருப்பை மாட்டுவேன், கழற்றுவேன். எனக்கு இருந்த ஒரே போக்கிடம் ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்து.

அது சாதாரணக் குறுக்கெழுத்து இல்லை. குறிப்பைப் படித்தால் ஒரு அர்த்தம் தோன்றும். அதை நம்பினால் போச்சு. விடை அதே வரிக்குள் எழுத்துகள் கலைந்து எங்காவது ஒளிந்திருக்கும். அலுவலகத்தில் என் எதிர் மேஜைக்காரரும் நானும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அதை வைத்துச் சண்டையே போடுவோம். சென்னையில் என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன் இருந்தான். அவனும் இதே பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை பெரிய கட்டத்துக்கு விடை அடுத்த ஞாயிறுதான் வரும் என்பதால், வாரம் முழுக்க எங்களுக்குள் கடிதம் பறக்கும்.

அந்த வாரம் பதினோரு எழுத்து வார்த்தை ஒன்று எங்கள் இரண்டு பேரையும் படாதபாடு படுத்தியது. "முடிந்தால் கண்டுபிடி, கண்டுபிடித்தால் கடிதத்துக்குக் காத்திராமல் தந்தி அடி" என்று அவனுக்குச் சவால் விட்டு எழுதினேன். வீட்டு விலாசத்துக்குத்தான் அடிப்பான் என்பதோ, தந்தி என்றாலே வீடுகளில் என்ன நினைப்பார்கள் என்பதோ என் மரமண்டையில் ஏறவே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். ஸ்டாச்சு சந்திப்புப் பக்கத்தில் இருந்த எங்கள் அலுவலகத்தில் நானும் எதிர் மேஜைக்காரரும் அந்தக் கட்டத்தின் மேல் கவிழ்ந்திருந்தோம். நிமிர்ந்தால் மன்னி நிற்கிறாள். அதற்கு முன் ஒரு நாளும் அவள் அங்கே வந்ததில்லை. புடவைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்த உறையை எடுத்து நீட்டினாள்.

"அம்பி, தந்தி வந்துருக்கு. உன் பேருக்காக்கும். நீயே படி."

ஒட்டு பிரிக்காத உறை. மன்னிக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்து வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தும் அவள் யாரிடமும் காட்டவில்லை. வாங்கிக் கிழித்தேன். உள்ளே ஒரே ஒரு வார்த்தை. கேட்டர்பில்லர்.

எண்ணிப் பார்த்தேன். பதினோரு எழுத்து. கட்டத்தில் அப்படியே உட்கார்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடப்பாவி, கண்டுபிடிச்சுட்டான்" என்று வாய்விட்டே சொன்னேன்.

பிறகுதான் மன்னி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். எதிர் மேஜைக்காரர் எனக்கு முன்னால் புரிந்துகொண்டு எழுந்து, "இரிக்கணும், இரிக்கணும்" என்று தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டுத் தண்ணீர் கொண்டுவர ஓடினார். நான் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். இது விளையாட்டு, அண்ணனைப் பற்றியது இல்லை, என் நண்பன் அனுப்பியது.

"என்ன எழுதியிருக்கு?"

"கம்பளிப்பூச்சி."

"கம்பளிப்பூச்சியா?"

"ஆமாம் மன்னி."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினேன். ஆட்டோ வேண்டாம், நடக்கலாம் என்றாள். பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, தந்தி எப்போது வந்தது என்று கேட்டேன்.

"பதினோரு மணிக்கே வந்துடுத்து. குழந்தையைப் பக்கத்தாத்துல விட்டுட்டுப் பொறப்பட்டேன்."

வலியசாலையிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு எவ்வளவு மெல்ல நடந்தாலும் முக்கால் மணி நேரம்தான். "இத்தனை நேரம் எங்கே இருந்தேள்?" என்றேன்.

"சாலைக் கடைத்தெருவைச் சுத்திண்டு வந்தேன். கிழக்கேகோட்டையில கொஞ்ச நேரம் நின்னேன். பிரிச்சுப் பாக்கற வரைக்கும் அவர் இருக்காரோன்னோ. அதான் மெதுவா நடந்தேன்."

மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஜனங்கள் போய்க்கொண்டிருக்கும் நடுரோட்டில் நான் அழுதேன். இருபத்தாறு வயசு ஆண்பிள்ளை என்கிற வெட்கம்கூட வரவில்லை.

"சாரமில்லை, போகட்டும், அழாதே" என்றாள் மன்னி. "நீ சிரிச்சயே, அதைப் பாத்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆனா இனிமே இந்த விளையாட்டுக்கெல்லாம் ஆத்துக்குத் தந்தி வரப்படாது, கேட்டியா." அதில் கோபம் இருந்தது. இன்னும் நன்றாகத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் சண்டை முடிந்தது. மாதக் கடைசியில் அண்ணனின் கடிதம் வந்தது. மறு வருஷம் அவரே வந்தார். வெகு காலம் கழித்து ஒருநாள் சாப்பிடும்போது இந்தக் கதையை அவரிடம் சொன்னேன். கம்பளிப்பூச்சி என்றதும் புரையேறும்படி சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். மன்னி சிரிக்கவில்லை. மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் யாரிடமும் இதைச் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

குறுக்கெழுத்தை நான் விடவில்லை, விட்டேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் யாராவது ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னால், பிரிப்பதற்கு முன் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். இரண்டரை மணி நேரம் வெயிலில் அண்ணனை உயிரோடு வைத்துக்கொண்டு நடந்துவந்தவளின் முகத்தை அன்று நான் பார்க்கவில்லை என்பது இன்றுவரை என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை.