அணைக்க மறந்த மைக்

விருத்தாசலத்தில் ஒரு தியேட்டரில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தேன். ஃபிலிம் ரோல் போய், படம் ஓட்ட டிஜிட்டல் சர்வர் வந்தபோதும் கேபினை விட்டு நான் இறங்கவில்லை. போன வருஷம்தான் ஓய்வு. புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்காக, நான் செய்த பெரிய தப்பைச் சொல்கிறேன்.

கேபினில் ஒரு மைக் உண்டு. யாராவது வழியை மறித்து வண்டியை நிறுத்தினால் நம்பரைச் சொல்லி எடுக்கச் சொல்வோம். பேசி முடித்ததும் சுவிட்சை அணைக்க வேண்டும்.

அந்தத் தப்பு நடந்த வாரம் ஒரு காமெடிப் படம். லண்டனில் குடியேறிய தமிழ்க் குடும்பம். மகளுக்குக் கால்பந்து உயிர், அப்பாவுக்குச் சம்பிரதாயம் உயிர். ஃபைனல் அன்றைக்கே வீட்டில் விசேஷம் வைத்துவிடுவார். தினம் நாலு காட்சி, நாலிலும் அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன்.

என் வீட்டிலும் அதே கூத்துதான். அப்போது என் மகள் கவிதா பத்தாம் வகுப்பு. குண்டு எறிவாள். ஞாயிற்றுக்கிழமை கடலூரில் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷன். அதே நாள் கம்மாபுரத்தில் என் கடைசித் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. சீர்வரிசையில் முதல் தட்டை மாமன் மகள்தான் தூக்க வேண்டும், அது எங்கள் வழக்கம்.

"குண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீதான் தட்டு தூக்கற" என்று சொல்லிவிட்டேன். மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை மதியக் காட்சிக்கு செராமிக் கம்பெனிப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அங்கே வேலை பார்க்கும் என் மனைவி வசந்தாவும் கவிதாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. ஒரு பைக் நம்பரை அறிவித்தேன். மைக்கை அணைக்க மறந்தேன். திரையில் அப்பா, மகளின் பூட்ஸைப் பிடுங்கிப் பரணில் வீசினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், புள்ளய வுடுய்யா! ஒரு நாளு அவ இல்லன்னா விசேஷம் நின்னா போயிடும்? அவ வேலய நீ பாருய்யா!"

ஹால் முழுக்க என் குரல். அப்புறம் விசில், கைதட்டல். படத்து வசனம் என்றே நினைத்தவர்களும் உண்டு.

இடைவேளையில் வசந்தா கேபின் வாசலில் வந்து நின்றாள், பின்னால் கவிதா.

"அதெல்லாம் லண்டன்காரருக்கு மட்டும்தானாங்க?"

கூட வந்த கம்பெனிப் பெண் ஒருத்தி சிரித்தாள். "அண்ணே, ஊரே கேட்டுடுச்சி. இனிமே மாத்திப் பேச முடியாது."

வெட்கம் பிடுங்கித் தின்றது. கவிதாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சர்வரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "காலையில எத்தினி மணிக்கு பஸ்ஸு?"

மறுநாள் அவர்கள் இருவரும் கடலூருக்குப் போனார்கள். கம்மாபுரத்தில் முதல் தட்டை நானே தூக்கினேன்.

"கவிதா எங்கண்ணே?" என்று முறைத்தாள் தங்கச்சி.

"அவ குண்டு தூக்கப் போயிருக்கா. தட்டு எனக்கு."

சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நடந்தேன். மருமகன் என் மடியில் உட்கார்ந்து ஊசியைக் கண்டு வீறிட்ட நேரம் பார்த்து போன் அடித்தது.

"அப்பா, செலக்ட் ஆயிட்டன்ப்பா!"

அவனைவிடச் சத்தமாக நான் கத்தினேன். காது குத்த வந்த ஆசாரி ஊசியைக் கீழே போட்டுவிட்டார்.

தம்பிகளே, அறிவிப்பு முடிந்ததும் மைக்கை அணைத்துவிடுங்கள். மறந்துபோய் எதையாவது சொல்லிவிட்டால், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.