விடுங்க மாமா!

அக்காவுக்கு விமானப் படிப்புக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்த வாரம், அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. போடி மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அவருக்கு வேலை. "பறக்குற சோலியே ஆபத்து. அம்புட்டுத் தூரம் பொம்பளப் பிள்ளைய அனுப்புறது அதவிட ஆபத்து" என்பதே பல்லவி.

அக்காவா சும்மா இருப்பாள்? ஆபத்து எதில் என்று காட்டுகிறேன் என்று தெர்மாகோலில் ஒரு கிளைடர் செய்துவிட்டாள். அதற்கு இஞ்சின் கிடையாது. யாராவது கிளப்பிவிட்டால் அதுவாக மிதக்கும். ஞாயிற்றுக்கிழமை மேட்டுப் பாதையில் குடும்பமே கூடியது. அக்காவுக்கு உதவியாள் தங்கச்சி நான். வயது ஒன்பது, வாய் மட்டும் பத்தொன்பது.

முதலில் கையால் எறிந்தாள். யாருக்கும் சேதமில்லை, நாலு ஏலச்செடியைத் தாண்டிப் பொத்தென்று உட்கார்ந்தது. "இது போதுமே" என்றார் அப்பா. அடுத்து சைக்கிள் டியூபைக் கவட்டைவில்போல இழுத்து விட்டோம். கிளைடர் விர்ரென்று போனது, டியூப் திரும்பி வந்து என் முழங்கையில் சுளீரென்று அறைந்தது. மலையே கேட்க அலறினேன். "கிளைடருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள் அக்கா. பாவி!

மூன்றாவது வழி, வண்டி இழுவை. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் தாய்மாமாவின் ஜீப்பில் நூலைக் கட்டினோம். நூலின் மறுமுனை வளையம் கிளைடரின் கொக்கியில். "நான் சத்தம் கொடுத்ததும் நின்னுருங்க மாமா" என்றவள், அப்பாவிடம் திரும்பினாள். "நூல் தொய்ஞ்சா வளையம் தானாக் கழண்டுக்கிரும்ப்பா. இதுலதேன் நல்ல உசரம் போகும். கழட்ட வேண்டிய நேரத்துல கழட்டலைன்னாத்தேன் ஆபத்து."

ஜீப் நகர, கிளைடர் ஜம்மென்று ஏறியது. நிறுத்துங்க என்று கத்தியிருக்கலாம். அவசரத்தில் அக்கா வாயில் வந்தது, "விடுங்க மாமா!" அவள் நூலை விடச் சொன்னாள். ஜீப்பிலேயே பிழைப்பவருக்கு 'விடு' என்றால் வண்டியை விடு என்றுதானே அர்த்தம்? அவள் கத்தக் கத்த மாமா மிதி மிதியென்று மிதித்தார். இறக்கை வளைந்து நடுங்கியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் ஓடியவர், சாட்சாத் எங்கள் அப்பா. "மாப்ளே, நிறுத்துய்யா! பிள்ளை செஞ்சது பிஞ்சிரும்!"

ஜீப் நின்றது. வளையம் கழன்றது. கிளைடர் சரிவைத் தாண்டி, போடிப் பக்கமாக, அலுங்காமல் மிதந்து போனது. மூச்சு வாங்க அதையே பார்த்துக்கொண்டு நின்ற அப்பாவின் பக்கத்தில் போய் அம்மா மெதுவாகச் சொன்னாள், "விடுங்க. போயிட்டு வரட்டும்."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம்" என்றார்.

"அதான் போயிருச்சே, இனி எங்கிட்டு வரும்?" என்றேன் நான், எரிச்சலாக.

"வரும் ஆத்தா" என்றார் அப்பா. "லீவுக்கு லீவு வரும்."

தெர்மாகோலுக்கு ஏது லீவு? ஓடின ஓட்டத்தில் மனுசனுக்கு மூளை குழம்பிவிட்டது என்றே நினைத்தேன்.