நடை பார்க்கப் போன இடத்தில்

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பொங்கல் கழிந்த கையோடு, தென்மராட்சிப் பக்கம் ஒரு வீட்டுக்கு மாடு பார்க்கப் போயிருந்தேன். வாங்குகிறவன் நானில்லை, என் மனைவியின் தம்பி. அவனுக்கு மாட்டு வண்டிச் சவாரி என்றால் சோறு தண்ணி வேண்டாம். அவனுடைய சோடியில் ஒன்று நோய் வந்து செத்துப்போக, மற்றது கொட்டிலில் தனியாக நின்றது. சித்திரைச் சவாரிக்கு முதல் அதற்கு ஒரு துணை தேட வேண்டும் என்று ஆலாய்ப் பறந்துகொண்டிருந்தான்.

"அத்தான், நீங்கள் ஒருக்கால் வந்து பாத்தால் காணும்" என்று என்னையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான்.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் நானும் அச்சுவேலிப் பக்கத்தில் வண்டிலில் நின்று மாடு விரட்டியவன்தான். பிறகு, ஆமி விட்டுப்போன காணியில் பற்றை வெட்டப் போன இடத்தில் மிதிவெடி என் இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. இப்போது போட்டிருப்பது பொய்க்கால். வண்டிலில் ஏற முடியாவிட்டாலும் மாடு பார்க்கிற பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு நின்றால் என் கால் விசயம் ஒருவருக்கும் தெரியாது. நடந்தால்தான் தெரியும். அதனால் நான் ஆட்களுக்கு முன்னால் நடப்பதில்லை. சவாரித் திடலுக்குச் சனம் சேர முதலே போய், வேலியோரம் ஒரு கதிரை போட்டு இருந்துவிடுவேன். கடைசி ஆள் போன பிறகுதான் எழும்புவேன். இடையில் ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அப்படித்தான் காலம் தள்ளினேன்.

நாங்கள் போன வீட்டுக்காரர் அறுபதை எட்டிய மனிதர். சவாரி ஆட்களுக்குள் பெயர் எடுத்தவர். தென்னங்காணியில் நாலைந்து அயலட்டையாரும் கூடியிருந்தார்கள். ஓட்டோவால் இறங்கிக் கதிரைக்குப் போகும் அந்தக் கொஞ்சத் தூரத்தில் அத்தனை கண்ணும் என் காலில்தான் இருந்தது. முதுகு கூசியது.

மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். பால் வெள்ளை நிறத்தில் ஓர் இளங்காளை. அது வெளியே வர முதலே அதன் பரம்பரை வந்துவிட்டது. அதன் தகப்பன் எந்தெந்தத் திடலில் முதலாவதாக வந்தது, தகப்பனின் தகப்பனை யார் வைத்திருந்தது, தாய் எந்தப் பட்டியில் பிறந்தது என்று அவர் சொல்லச் சொல்ல, மச்சான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். எங்கள் ஊரில் மனிதரையே பெயர் கேட்க முதல் "ஆற்றை மோன்" என்று தகப்பன் பெயரைத்தானே கேட்கிறோம். மாட்டுக்கு மட்டும் வேறு வழக்கமா இருக்கப் போகிறது?

எனக்கு அதிலெல்லாம் பிடிப்பில்லை. உடம்பைத்தான் பார்ப்பேன். நெஞ்சு அகலமாக இருந்தது. முன்னங்கால்கள் நேராக இறங்கின. முதுகில் வளைவில்லை, குளம்பும் நெருக்கமாக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. "ஒருக்கால் நடக்க விடுங்கோ" என்று கேட்டேன். ஓட விட்டுக் காட்டுவதற்குத்தான் அவர் ஆயத்தமாக நின்றார். அடித்தால் எந்த மாடும் ஓடும் என்பதால் நான் நடையைத்தான் கேட்பேன்.

தென்னைகளுக்குத் தண்ணீர் விட்டு மணல் நல்ல ஈரமாக இருந்தது. அதன் மேலே மெதுவாக நடத்திக்கொண்டு போனார். சவாரிக்கு ஓடுகிற மாடு நடக்கையில், முன்கால் பதிந்த அடியைத் தாண்டிப் பின்கால் விழ வேண்டும். இதற்கு இடது பக்கம் அழகாகத் தாண்டி விழுந்தது. வலது பக்கம் ஒவ்வொரு தரமும் தாண்டாமல், கிட்டவாக விழுந்தது. திரும்ப நடத்தச் சொன்னேன். திரும்பவும் அப்படியே.

"பின் அடி ஒண்டு குறுக விழுது ஐயா. எங்கையோ நோகுது போலை" என்றேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. வலது பின்காலைத் தூக்கி, குளம்பைத் தட்டி, விரலிடுக்கெல்லாம் பார்த்தார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை. காலை விட்டுவிட்டு நிமிர்ந்தவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"தம்பி, நடையைப் பற்றி நீர் கதைக்கிறீரோ?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். எனக்குக் காது சூடாகியது. மச்சான் எழும்பி, "வாங்கோ அத்தான், போவம்" என்று என் கையைப் பிடித்தான். போய்விடத்தான் எனக்கும் ஆசை. ஓட்டோ வாசல் படலையடியிலேயே நின்றது.

ஆனால் நாங்கள் போனால் இன்னொருவர் வந்து, அந்தப் பரம்பரைக் கதையைக் கேட்டு, மாட்டைக் கொண்டுபோவார். சித்திரையில் திடலில் விட்டு விரட்டுவார். பாய்ச்சலில் போகிறபோது ஒரு கால் மடங்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வண்டில் குத்துக்கரணம் அடித்து, மாடும் ஆளும் ஒன்றாகக் கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தபடி மணலைத் திரும்பவும் பார்த்தேன். அப்போதுதான், அந்த அடிகளை முன்பே எங்கேயோ கண்டது போலப் பட்டது.

அவை என்னுடைய அடிகள். பொய்க்கால் பொருத்திய இடத்தில் எனக்கு நடை பழக்கிய பெண்பிள்ளை ஈர மணலில் என்னை நடக்க விட்டு, திரும்பி என் அடியைப் பார்க்கச் சொல்லுவாள். குறுக விழுவது பொய்க்காலின் அடி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது என் நல்ல காலின் அடி. இல்லாத காலில் பாரத்தைப் போட்டு நிற்கப் பயம், அதனால் நல்ல காலை அவசரப்பட்டுக் கிட்டவே ஊன்றிவிடுகிறேன் என்று அவள்தான் விளங்கப்படுத்தினாள்.

இதை வாயால் சொன்னால் அங்கே ஒருவரும் நம்பப் போவதில்லை. செருப்பைக் கழற்றினேன். காற்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டினேன். மாட்டின் அடிக்குப் பக்கத்தில், அந்தத் தென்னை வரிசை முடியும் மட்டும் நடந்து போனேன். இத்தனை வருடம் ஒளித்து வைத்ததை முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் நடந்து காட்டினேன். இந்த முறை சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை.

"இப்ப பாருங்கோ. என்ரை நல்ல கால் வலது. அதுதான் கிட்டக் கிட்ட விழுது. இடதிலை நிக்கேலாமல் வலதைக் கெதியா வைக்கிறன். உங்கடை மாட்டுக்கும் நோகிறது இடதாத்தான் இருக்கும்."

எல்லா மாட்டுக்கும் அப்படித்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. மனதுக்குப் பட்டதைச் சொன்னேன்.

அவர் இரண்டு வரிசை அடிகளையும் கன நேரம் பார்த்தார். பிறகு குந்தி இருந்து, இடது பின்காலைத் தூக்கி, விரலிடுக்கில் பெருவிரலால் அழுத்தினார். மாடு திடுக்கிட்டுக் காலை உதறியது. மணலைக் கழுவி, கிண்டிக் கிண்டி அவர் இழுத்து எடுத்தது துருப்பிடித்த வேலிக் கம்பித் துண்டு. மேலே தோல் மூடி, அது உள்ளேயே இருந்திருக்கிறது.

கம்பியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் மற்றக் கையால் மாட்டின் காலைத் தடவினார். "ஒவ்வொரு நாளும் விடியக்காலமை இதை ஓட விட்டனானே" என்று மாட்டைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கிருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. எங்களை ஏமாற்ற நினைத்தவரில்லை. தகப்பனின் பெயரில் இருந்த நம்பிக்கையில், மகனின் காலைப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

அன்றைக்கு அவர் மாட்டை விற்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. படலை மட்டும் வந்து, "நான் சொன்னதை மனசிலை வைச்சிருக்காதையும் தம்பி" என்றார். நான் "சரி" என்றேன். ஆனால் வைத்திருந்தேன்.

சித்திரைச் சவாரி எங்களுக்கு இல்லாமலே போனது. மச்சான் ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வைகாசி முடிகிற நேரம் அந்த வீட்டுக்காரரே போன் எடுத்தார். "மாட்டுக்குச் சுகம். நீங்கள் வந்து நடத்திப் பாத்திட்டுக் கொண்டுபோங்கோ. வேறை ஆருக்கும் குடுக்கமாட்டன்." போய்ப் பார்த்தோம். இரண்டு பக்கமும் பின்கால் தாண்டி விழுந்தது.

அந்தச் சோடி முதன்முதல் ஓடிய நாளில், சனம் நிரம்பிய பிறகுதான் நான் திடலுக்குப் போனேன். எல்லாரும் பார்க்க, குறுக்கே நடந்து போய், அந்த வெள்ளை மாட்டின் கழுத்தைத் தடவினேன். சோடி மூன்றாவதாகத்தான் வந்தது. மச்சான் இன்னமும் நுகத்தில் பழி போட்டுக்கொண்டு திரிகிறான்.

அந்தக் கேள்வி இப்போதும் சில வேளை காதில் விழும். முதலில் சுட்டது போல இப்போது சுடுவதில்லை. நடையைப் பற்றி நீர் கதைக்கிறீரோ என்று இனி யாராவது கேட்டால், ஓம் என்று சொல்லிவிட்டு, எழும்பி நடந்து காட்டுவேன்.