மறைத்து வைத்த கழுத்து வலி

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஈஜோக் என்ற ஊருக்கு உள்ளே, எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆரம்பித்தது இது. கம்பெனித் தோட்டம் இல்லை. ஒருவருக்குச் சொந்தமான பத்து ஏக்கர். நானும் என் மனைவியும் அங்கே கூலிக்குக் குலை வெட்டிக்கொண்டிருந்தோம். நான் வெட்டுவேன். அவள் பின்னால் வந்து, சிதறிக் கிடக்கும் உதிரிப்பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுவாள். கல்யாணமான மறு வருடத்திலிருந்து எங்கள் பிழைப்பு இதுதான்.

குலை வெட்டுவது கைவேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது கழுத்து வேலை. முப்பது அடிக் கழியின் நுனியில் வளைந்த அரிவாளைக் கட்டி, நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தபடியே இழுக்க வேண்டும். எனக்கு நாற்பத்து நான்கு வயதானபோது கழுத்தில் வலி வந்தது. படுத்தது சரியில்லை என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். பிறகு வலி தோளுக்கு இறங்கியது. அங்கிருந்து வலது கைக்கு வந்தது. கட்டைவிரலிலும் அடுத்த விரலிலும் முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அப்புறம் அந்த எறும்பும் போய், இரண்டு விரலும் மரத்துப்போயின.

எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள் என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் அதைவிட வீம்புதான் அதிகம். அந்த வட்டாரத்தில் என் வெட்டுக்கு ஒரு பேர் இருந்தது.

ஒரு நாள் காலை, மழை விட்டு மண் ஈரமாக இருந்தது. ஒரு மரத்தை முடித்துவிட்டுக் கழியை அடுத்த மரத்துக்குத் தூக்கினேன். பிடி நழுவியதுகூட எனக்குத் தெரியவில்லை. கையில் கழி இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது சாய்ந்து விழுவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. கீழே குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்த என் மனைவிக்கு ஒரு முழம் தள்ளி அரிவாள் விழுந்தது. அவள் பிடித்திருந்த சாக்கு மேலிருந்து கீழ்வரை கிழிந்து, பழமெல்லாம் கொட்டியது.

அவள் நிமிர்ந்து சாக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் அவளைப் பிடித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "அங்க ஏன் வந்து நின்ன? எத்தன தடவ சொல்லியிருக்கேன்?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

அவள் கிழிந்த சாக்கை முடிச்சுப் போட்டுக் கட்டி, கொட்டிய பழங்களை அள்ளினாள். அதன் பிறகுதான் என் பக்கத்தில் வந்து என் வலது கையைப் பிடித்தாள்.

"இந்தக் கைதானே?" என்றாள்.

"என்ன கை? ஒண்ணும் இல்ல லா. வேர்வையில வழுக்கிருச்சு."

"எட்டு மாசமா நீங்க இடது கையால டீ குடிக்கிறத பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அன்று கிளினிக்குக்கு மோட்டார் சைக்கிளை அவள்தான் ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து போனேன்.

கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் ஒன்று பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. மாத்திரை, உடற்பயிற்சி என்று இரண்டு மாதம் பார்த்தோம். பிடி இன்னும் குறைந்ததே தவிர ஏறவில்லை. ஆப்பரேஷன்தான் என்றார் டாக்டரம்மா.

"கழுத்து அசையுமா டாக்டர்?" என்று என் மனைவி கேட்டாள்.

"ரெண்டு எலும்பையும் சேத்து ஒட்டிட்டா அந்த எடம் அசையாதும்மா. இவருக்கு ஒரே ஒரு டிஸ்க்தான் கெட்டிருக்கு, மத்த மூட்டெல்லாம் நல்லா இருக்கு. அதனால செயற்கை டிஸ்க் வெக்கலாம். கழுத்த திருப்பலாம், குனியலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா இனிமே அண்ணாந்து குலை வெட்டுற வேலை வேணாம்" என்றார்.

கழுத்தின் முன்பக்கம்தான் வெட்டுவார்களாம். குரல் நரம்பு பக்கத்தில் இருப்பதால் கொஞ்ச நாள் குரல் கம்மிப்போகலாம், அபூர்வமாகச் சிலருக்குத் திரும்பாமலும் போகலாம் என்றும் சொன்னார். வேலை போகப்போகிறது என்பதைவிட அந்தக் கடைசி விஷயம்தான் என் மனதில் உட்கார்ந்துகொண்டது. அரிவாள் விழுந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை பேசவே இல்லை. நான் கத்தினது கத்தினதாகவே நின்றது. குரல் போய்விட்டால்?

ஆப்பரேஷன் அன்று காலை என் நெற்றியில் அவள் திருநீறு வைத்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் தாதி நின்றிருந்தார். வெட்கமாக இருந்தது. "வீட்டுல கோழிக்குத் தீனி போட்டியா?" என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் மதியம் அவள் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். விழுங்கும்போது தொண்டை எரிந்தது. பேசப் பார்த்தேன், வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு வந்தாள். இருபது வருடக் குடித்தனத்தில், மரத்துக்கு மரம் கூப்பிட்டுப் பேசியே பழகிய எங்களுக்கு அது புதுசு.

"அன்னைக்கு உன் மேல தப்பில்ல" என்றேன். "என்ன மன்னிச்சிரு."

அவள் நிமிர்ந்தாள். "இதுக்கா இவ்ளோ கஷ்டப்படுறீங்க? தண்ணிதான் கேக்குறீங்கன்னு நெனச்சேன்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. "எனக்கு அன்னைக்கு ரொம்ப பயமா இருந்துச்சுங்க" என்றாள். "எனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, நீங்க அதையே நெனச்சு நெனச்சு வீணாப் போயிருப்பீங்க. அதான் பயம்."

செத்திருக்க வேண்டியவள் எனக்காகப் பயந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தேன். உள்ளங்கையில் பழம் பொறுக்கிப் பொறுக்கிக் காய்த்துப்போன இடம், செம்பனை முள் குத்திய பழைய தழும்பு, எல்லாம் என் கட்டைவிரலுக்குத் தெரிந்தது. மாதக்கணக்கில் செத்துக் கிடந்த விரலுக்கு முதலில் தெரிந்தது அவள் கைதான். அவளிடம் சொன்னேன். அவள் நம்பாமல் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு விரலாகத் தொட்டு எந்த விரல் என்று கேட்டாள். எல்லாமே சரியாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்காரப் பெரியவர், பிள்ளை விளையாட்டைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குரல் திரும்ப மூன்று வாரம் ஆனது. கைப்பிடி முழுசாக வர நான்கு மாதம் பிடித்தது. இப்போது அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கம் செம்பனைக் கன்று வளர்க்கும் ஒரு பண்ணையில் இருவரும் வேலை செய்கிறோம். இடுப்பு உயரக் கன்றுகள், யாரும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. வெட்டுக்காரன் என்ற பேர் போனதில் முதல் வருடம் வருத்தம் இருந்தது உண்மைதான்.

வலியை வெளியே சொல்லாமல் தாங்குவதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு என்று நினைத்திருந்தவன் நான். மன்னிப்புக் கேட்கவாவது அவள் எனக்கு உயிரோடு கிடைத்தாளே என்று நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் கழுத்தைத் திருப்பி, அவள் எங்கே நிற்கிறாள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.