இரண்டாவது கார்டு

கடையில் அவருக்குத் ‘தூசி’ என்று பெயர். வைத்தது முதலாளி. லேப்டாப் எந்தக் கோளாறோடு வந்தாலும், பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்து, “தூசிதான் சார், கிளீன் பண்ணியாச்சு” என்று கையில் கொடுத்து அனுப்புகிறவருக்கு வேறென்ன பெயர் கிடைக்கும்? அப்படிச் சொல்லச் சொன்னதும் அதே முதலாளிதான். அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்க் கொட்டுவது?

கடை, கேம் ஆடுகிறவர்களுக்கான லேப்டாப் விற்கும் கடை. கண்ணாடி அலமாரியின் நடுவில், விளக்கு போட்டு வைத்திருப்பது இரண்டு கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷின். திரையில் ஓடுகிற படத்தை வரைந்து தள்ளுவது அந்தக் கார்டு. ஒன்றுக்கு இரண்டு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் பாதிக்கு மேற்பட்ட கேம்களுக்கு இரண்டாவது கார்டை வேலை வாங்கவே தெரியாது. அது சும்மா உட்கார்ந்து கரண்டைத் தின்னும். தெரிந்த கேம்களிலோ இரண்டும் சேர்ந்து கொதிக்கும், படம் திக்கும், கடைசியில் மெஷின் தானாக அணைந்துவிடும்.

அணைந்ததெல்லாம் தூசியின் மேஜைக்கு வரும். திருகைக் கழற்றி, ஃபேனில் இருக்கிற கொஞ்சநஞ்ச அழுக்கை ஊதிவிட்டு, யாரும் திறந்து பார்க்காத ஒரு செட்டிங்கில் நுழைந்து இரண்டு கார்டையும் பிரித்து வைத்துவிடுவார். பட்டியலில் இரண்டின் பெயரும் அப்படியே இருக்கும். வேலை செய்வது ஒன்றுதான். மெஷின் சாதுவாகிவிடும். வாங்கியவர் வாழ்த்திவிட்டுப் போவார். இந்தச் சங்கதி அவருக்கும் முதலாளிக்கும் மட்டுமே தெரியும்.

முன்பக்கம் விற்கிற சகலைக்குக்கூடத் தெரியாது. சகலை, மனைவியின் தங்கை கணவர். வேலையில்லாமல் திரிந்தவரை முதலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் சேர்த்துவிட்டவர் தூசிதான். இன்று சகலை ஏசியில் டை கட்டி நிற்கிறார். சேர்த்துவிட்டவர் பின்னறையில் டேபிள் ஃபேனோடு மல்லுக்கட்டுகிறார். வீட்டிலும் அதே கதைதான். ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்பதுவரை சகலையைத்தான் கேட்பார்கள். தூசியின் பேச்சு அங்கே செல்லாக்காசு.

அதனால்தான், மச்சினன் கேமிங் லேப்டாப் வாங்கப்போகிறேன் என்றதும் அவருக்குள் ஒரு நப்பாசை முளைத்தது. போட்டிகளில் கேம் ஆடுகிற ஒரு டீமில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. பெரிய போட்டி வரப்போகிறது, நல்ல மெஷினோடு வரச் சொல்லியிருந்தார்கள். இது தன் தொழில். இந்த ஒரு விஷயத்திலாவது தன்னைக் கேட்பார்கள் என்று நம்பினார்.

“நல்லதா ஒரே கார்டு இருக்கிறதா பாத்து வாங்குடா. ரெண்டு இருந்தா சூடுதான் மிச்சம்,” என்றார், ஹாலில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது.

சகலை சிரித்தார். “என்ன சகலை இப்படிச் சொல்றீங்க? நான் வித்த டபுள் கார்டு மெஷின் எதுலயாவது கார்டுல கோளாறுன்னு சொல்லியிருக்கீங்களா? எல்லாத்துக்கும் தூசின்னு நீங்கதானே சொன்னீங்க? கிளீன் பண்ணிக் குடுத்தப்புறம் யாராவது திரும்பி வந்தாங்களா?”

தூசி வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால், ஊரையே ஏமாற்றியதாக ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் அது கடைக்குப் போய்ச் சேரும், மாலையில் வேலை போகும். அத்தனை பேர் வாயையும் அடைத்து அனுப்பியது அவர் கைதான். இப்போது அதே கை அவர் வாயையும் அடைத்துவிட்டது.

“சொல்லுங்களேன், வந்தாங்களா இல்லையா?” என்றாள் மனைவி.

“வரலை,” என்றார்.

டபுள் கார்டு மெஷினே வீட்டுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே, பயிற்சி ஆட்டத்தின் நடுவில் அணைந்தும் போனது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று டீம் கேப்டன் கறாராகச் சொல்லிவிட்டானாம். மச்சினன் லேப்டாப்பைக் காய்ச்சல் கண்ட குழந்தைபோல் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடி வந்தான்.

“பெரிய மாமா, எப்படியாவது சரி பண்ணுங்க. இதுக்காகத்தான் லீவு போட்டிருக்கேன்.”

அவர் தூசியை மட்டும் ஊதிவிட்டுத் திருகை மாட்டினார். கார்டுகளைத் தொடவில்லை. அணையட்டுமே. போட்டி நடுவில், எல்லாரும் பார்க்க அணையட்டும். தான் ஒரு வார்த்தையும் பேசாமலே சகலையின் வாய்ச்சவடால் சந்தி சிரிக்கும். நினைக்கவே இனித்தது. கதவுக்கு வெளியே மச்சினன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தைப் பார்த்துத் தொலைத்ததுதான் தப்பு. தன்னைத்தானே திட்டிக்கொண்டு மெஷினை மறுபடி போட்டார், செட்டிங்கில் நுழைந்தார், கார்டுகளைப் பிரித்தார்.

“என்ன மாமா ஆச்சு?”

“தூசி.”

போட்டியில் மெஷின் ஒரு திக்கல் இல்லாமல் ஓடியது. டீம் ஜெயித்தது. அன்று சாயங்காலம் ஹாலில் சகலைக்குத்தான் கைகுலுக்கல்.

“டபுள்னா டபுள்தான் சின்ன மாமா! பெரிய மாமா பேச்சைக் கேட்டிருந்தா நான் அவ்வளவுதான்.”

“அவருக்குத் தூசி தட்டத்தான் தெரியும். பாவம், விடு,” என்றாள் மனைவி. கடையில் வைத்த பெயர் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

மறுநாள் மச்சினன் டீம் முழுவதையும் கடைக்கு அழைத்து வந்தான். எல்லாருக்கும் புது மெஷின் வேண்டுமாம். சகலைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கேப்டன் மட்டும் விவரமானவன். பின்னறை வாசலில் வந்து நின்றான்.

“அண்ணே, சேல்ஸ்காரங்க அப்படித்தான் சொல்வாங்க. பிரிச்சுப் பாக்கிறவர் நீங்க. நிஜத்தைச் சொல்லுங்க, ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?”

எத்தனையோ வருஷத்தில் அவரிடம் அதைக் கேட்ட முதல் ஆள். கேப்டனின் தோளுக்குப் பின்னால் முதலாளி வந்து நின்றார்.

“ரெண்டே வாங்குங்க தம்பி,” என்றார் தூசி, கையிலிருந்த திருகைப் பார்த்தபடி. “சூடாச்சுன்னா எடுத்துட்டு வாங்க. தூசியாத்தான் இருக்கும்.”